அடங்காத பிள்ளையா, நடத்தைக் கோளாறா? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளியிலிருந்து மறுபடியும் போன். இன்று ஒருவனை அடித்து உதடு கிழிந்துவிட்டதாம். போன மாதம் ஆசிரியரின் பையிலிருந்து பணம், அதற்கு முந்தின மாதம் கண்ணாடி ஜன்னல். வீட்டுக்கு வந்து கேட்டால் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் "நான் பண்ணல" என்கிறான். இப்படி ஒரு நிலைமையில் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள் கீழே இருக்கின்றன, பெரும்பாலும் அவர்கள் கேட்கும் வரிசையிலேயே.

எல்லாப் பிள்ளைகளும் குறும்பு பண்றதுதானே? எப்போது அதைக் கோளாறு என்கிறார்கள்?

பொய் சொல்லாத பிள்ளை கிடையாது. தம்பியைக் கடிக்காத மூன்று வயதுக் குழந்தையும் அபூர்வம்தான். டாக்டர்கள் பார்ப்பது இரண்டு விஷயங்கள். செயல் எவ்வளவு தூரம் மற்றவர்களைக் காயப்படுத்துகிறது, எத்தனை நாளாகத் தொடர்கிறது.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம்-5 கையேடு (2013) நடத்தைக் கோளாறுக்கு 15 அறிகுறிகளைச் சொல்கிறது. அவை நான்கு வகைக்குள் வரும்: மனிதர்களையும் விலங்குகளையும் துன்புறுத்துவது, வேண்டுமென்றே பொருளை உடைப்பது அல்லது தீ வைப்பது, திருட்டும் ஏமாற்றும், வீட்டையும் பள்ளியையும் மீறிப் போவது. கடந்த 12 மாதத்தில் இவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அதில் ஒன்றாவது கடைசி 6 மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். அதோடு, படிப்போ வீட்டு வாழ்க்கையோ நட்போ அதனால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி-11 பட்டியலும் ஏறக்குறைய இதே போலத்தான், ஓராண்டுக்குக் குறையாத தொடர்ச்சியைக் கேட்கிறது.

வயதும் கணக்கில் வரும். பதினாறு வயதில் ஒரு நாள் வகுப்பைக் கட் அடிப்பதை யாரும் இந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள். 13 வயதுக்கு முன்பே அடிக்கடி பள்ளிக்கு மட்டம் போடுவதையும், வீட்டில் தடுத்தும் இரவில் வெளியே தங்குவதையும்தான் சேர்ப்பார்கள். ஒரே ஒரு திருட்டு, ஒரே ஒரு சண்டை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது ஒரு சம்பவம்தான்.

ஒருத்தர் ஓ.டி.டி. என்கிறார், இன்னொருத்தர் ஏ.டி.எச்.டி. என்கிறார். எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். ஓ.டி.டி. என்பது எதிர்ப்பு நடத்தைக் கோளாறு. சிடுசிடுப்பு, வாக்குவாதம், சொன்னதற்கு நேர்மாறாகச் செய்வது, பழிவாங்கும் குணம் எல்லாம் இருக்கும், ஆனால் அடுத்தவர் உடம்பிலோ உடைமையிலோ பெரிதாகக் கை வைத்திருக்க மாட்டான். சிலருக்கு இதுவே பின்னால் நடத்தைக் கோளாறாக வளர்கிறது, பலருக்கு வளர்வதில்லை.

ஏ.டி.எச்.டி. எனும் கவனக்குறைவு, மிகைச் செயல்பாட்டுக் கோளாறு வேறு. யோசிப்பதற்குள் கை ஓடிவிடும், ஒரு இடத்தில் உட்கார முடியாது. அடித்த பிறகு "ஏன்டா அடிச்ச?" என்று கேட்டால் உண்மையிலேயே பதில் தெரியாமல் விழிக்கும் பிள்ளைகளில் பலர் இந்த வகை. நடத்தைக் கோளாறோடு இது சேர்ந்து வருவது மிகவும் சகஜம்.

இன்னும் சிலவற்றையும் பார்க்காமல் விடக் கூடாது. பிள்ளைகளுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வராமல் எரிச்சலாக வரலாம். வீட்டிலோ வெளியிலோ அடியோ பாலியல் தொல்லையோ அனுபவித்த பிள்ளை திடீரென்று முரடாகலாம். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுகிறவன் வாசிக்கச் சொல்லும் நேரமாகப் பார்த்து ரகளை செய்து வெளியே அனுப்பப்படுவான். அவனைப் பொறுத்தவரை அது நல்ல பேரம். காது சரியாகக் கேட்கிறதா என்று ஒரு தடவை சோதிப்பதில் தவறே இல்லை.

எங்கள் வளர்ப்பில்தான் தப்பா?

இந்தக் கேள்விக்கு "இல்லவே இல்லை" என்று ஆறுதல் சொல்வது சுலபம், அது முழு உண்மையாகாது. "ஆமாம்" என்பது அதைவிடப் பெரிய பொய்.

இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், பிள்ளைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பரம்பரையோடு தொடர்புடையது என்று தெரிகிறது. கர்ப்ப காலத்தில் தாய் புகைப்பது, குழந்தையின் உடம்பில் ஈயம் சேர்வது, வறுமை, பெற்றோரின் குடி, தாயின் மனச்சோர்வு, கண்முன் நடக்கும் அடிதடி எல்லாமே ஆபத்தைக் கூட்டுகின்றன. பிறவியிலேயே முரண்டு பிடிக்கும் சுபாவம் உள்ள குழந்தை பொறுமைசாலிப் பெற்றோரையும் கத்த வைத்துவிடும். யார் யாரைக் கெடுத்தது என்று அங்கே கோடு போட முடியாது.

ஆனால் ஒன்றை மாற்ற முடியும். அமெரிக்காவின் ஒரிகனில் ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் ஆட்களை வீடுகளுக்கே அனுப்பி, குடும்பத்தார் ஒருவரோடொருவர் நடந்துகொள்வதை நொடி நொடியாகக் குறிக்க வைத்தார். அவர் கண்டதை ஒரு காட்சியாகவே சொல்லிவிடலாம்.

இரவு ஒன்பதரை மணி. ஒன்பது வயதுப் பையன். "போனை வெச்சுட்டுப் படு" என்கிறாள் அம்மா. பதில் இல்லை. "எத்தனை தடவை சொல்றது?" "இரும்மா, அஞ்சு நிமிஷம்." பத்து நிமிடம் போகிறது. அம்மாவின் குரல் உயர்கிறது, அவன் அதற்கு மேல் கத்துகிறான். போனைப் பிடுங்கப் போகிறாள். அவன் தலையணையை வீசுகிறான், மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளர் கவிழ்கிறது. அம்மாவுக்குக் காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் உடம்பில் ஒன்றுமில்லை. "என்னமோ பண்ணித் தொலை" என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுகிறாள். வீடு அமைதியாகிறது.

இதில் இரண்டு பேருக்கும் பரிசு கிடைத்திருக்கிறது. கத்தினால், எறிந்தால் போன் தன் கையிலேயே இருக்கும் என்று அவன் கற்றுக்கொண்டான். விட்டுக்கொடுத்தால் உடனே நிம்மதி என்று அவள் கற்றுக்கொண்டாள். மறுநாள் அப்பா வந்து இரண்டு அறை விடுகிறார், போன் உடனே கீழே வருகிறது. அறைந்தால் வேலை நடக்கும் என்று அவர் கற்றுக்கொள்கிறார். யார் கை பெரிதோ அவர் ஜெயிப்பார் என்று பையன் கற்றுக்கொள்கிறான், அதை மறுநாள் பள்ளியில் தன்னைவிடச் சின்னவனிடம் செய்து பார்க்கிறான். ஒரு நாளில் பத்து முறை, வருஷக்கணக்கில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். இதில் கெட்டவர் யாரும் இல்லை. களைத்தவர்கள் இருக்கிறார்கள்.

"அடி உதவுவது போல் அண்ணன் தம்பி உதவான்" என்பார்களே?

உதவும், அந்த ஒரு நிமிடத்துக்கு. அதனால்தான் அந்தப் பழமொழி இன்னும் உயிரோடு இருக்கிறது. 2016இல் எலிசபெத் கெர்ஷாஃப், ஆண்ட்ரூ க்ரோகன்-கேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1,60,000க்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பற்றிய ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அடி வாங்கிய பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் கீழ்ப்படியாமையும் மனநலச் சிக்கலும் அதிகமாகவே இருந்தன. அடிபட்டுப் பழகியவனுக்கு அடுத்த முறை அதைவிடப் பெரிய அடி தேவைப்படும். பதினைந்து வயதில் அவன் உங்கள் உயரத்துக்கு வந்துவிடுவான், அப்போது என்ன செய்வீர்கள்?

எந்த வயதில் ஆரம்பித்தது என்று டாக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஏன்?

10 வயதுக்கு முன்பே ஒரு அறிகுறியாவது தெரிந்திருந்தால் அது ஒரு வகை, அதற்குப் பிறகு தொடங்கினால் வேறு வகை. நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972–73இல் பிறந்த 1,037 பேரைச் சிறு வயதிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்த ஆய்வில் பங்கெடுத்த டெரி மாஃபிட் 1993இல் இந்தப் பிரிவை விளக்கி எழுதினார். சின்ன வயதிலேயே தொடங்கி நீடிப்பவர்கள் சிலர். இவர்களிடம் பெரும்பாலும் பேச்சுத் தாமதம், ஏ.டி.எச்.டி., வீட்டுச் சிக்கல் என்று பலதும் சேர்ந்திருக்கும். பதின்வயதில் கூட்டாளிகளோடு சேர்ந்து தொடங்குபவர்கள் அதிகம், அவர்களில் பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று வரும்போது விட்டுவிடுகிறார்கள்.

ஆனால் "சின்ன வயசிலேயே வந்துவிட்டது, இனி அவ்வளவுதான்" என்று முடிவு கட்ட வேண்டாம். லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1966இலேயே காட்டியது இது: சமூக விரோதியாக இருக்கும் பெரியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் சிறு வயதில் அப்படி இருந்தவர்கள்தான், ஆனால் சிறு வயதில் அப்படி இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அப்படி ஆகவில்லை. பெற்றோர் முதல் பாதியை மட்டும் கேட்டுவிட்டுத் தூக்கம் தொலைக்கிறார்கள்.

தப்பு செய்துவிட்டுத் துளிகூட வருத்தப்பட மாட்டேன் என்கிறான். மனசாட்சியே இல்லையா?

முதலில், எப்போது பார்த்தீர்கள்? பிடிபட்ட அந்த நேரத்தில் நாலு பேர் சுற்றி நின்று கத்தும்போது பெரும்பாலான பிள்ளைகள் கல்லாகத்தான் நிற்பார்கள். அது பயமாக இருக்கலாம், வீம்பாக இருக்கலாம். இரவு தனியாக இருக்கும்போது என்ன செய்கிறான் என்று பாருங்கள்.

எங்கேயும் எப்போதும் குற்ற உணர்வு இல்லை, அடுத்தவர் வலி உறைப்பதில்லை, தன் படிப்பைப் பற்றிக்கூடக் கவலை இல்லை, உணர்ச்சி எல்லாம் மேலோட்டம். இந்த நான்கில் இரண்டாவது ஓராண்டாக, பல இடங்களில், பலரோடும் தெரிந்தால் டாக்டர்கள் அதைத் தனியாகக் குறிப்பார்கள். நடத்தைக் கோளாறு உள்ளவர்களில் ஒரு பகுதியினர்தான் இப்படி. பயந்த முகத்தைக் காட்டினால் இவர்கள் மூளையின் அமிக்டலா என்ற பகுதி மற்றவர்களைவிடக் குறைவாகவே எதிர்வினை காட்டுவதாக ஸ்கேன் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது.

நடைமுறையில் இதன் பொருள்: தண்டனை இவர்களிடம் அவ்வளவாக எடுபடாது. பாராட்டும் பரிசும் எடுபடும். பெற்றோரின் நெருக்கமும் கனிவும் நாளடைவில் இந்தக் குணத்தைக் குறைக்கக்கூடியவை. கனிவு காட்டவே தோன்றாத பிள்ளையிடம்தான் அது அதிகம் தேவைப்படுகிறது, என்ன செய்வது.

பிரச்சினை அவனுக்கு. எங்களை ஏன் பயிற்சிக்கு வரச் சொல்கிறார்கள்?

வாரத்தில் ஒரு மணி நேரம் ஆலோசகர் அறையில் இருப்பான். மீதி நேரம் உங்களோடு இருப்பான். கணக்கு அவ்வளவுதான். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 3 முதல் 11 வயது வரை முதல் சிகிச்சையாகப் பெற்றோர் பயிற்சியைத்தான் சொல்கிறது. வாரம் ஒரு முறை, ஒன்றரை இரண்டு மணி நேரம், 10 முதல் 16 வாரம். மிகவும் சிறிய குழந்தைகளுக்கு ஷீலா ஐபெர்க் என்ற உளவியலாளர் 1970களில் உருவாக்கிய ஒரு முறை உண்டு. அம்மாவும் குழந்தையும் ஒரு அறையில் விளையாடுவார்கள், கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் ஆலோசகர் அம்மாவின் காதிலுள்ள கருவி வழியாக அவ்வப்போது சொல்லிக்கொடுப்பார்.

முதல் சில வாரங்கள் கண்டிப்பைப் பற்றிப் பேச்சே இருக்காது. தினமும் பத்து நிமிடம் அவன் விளையாட்டில் அவன் சொல்படி சேர்ந்துகொள்ளச் சொல்வார்கள். திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது. செய்து பார்த்தால்தான் தெரியும், நாம் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை பிள்ளையைத் திருத்துகிறோம் என்று.

அடுத்தது பாராட்டு. "நல்ல பையன்" என்பது காற்றில் போய்விடும். "தங்கச்சி பிடுங்கினப்போ அடிக்காம என்கிட்ட வந்து சொன்னியே, அது எனக்குப் பிடிச்சிருந்தது" என்பது தங்கும். பாராட்டின் வாலில் ஒரு குத்தலைக் கட்டிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு: "இப்படியே தினமும் இருந்தா என்ன?" அந்த வாலை வெட்டுவதற்கே இரண்டு வாரம் ஆகும்.

பிறகு சொல்லும் விதம். அடுத்த அறையிலிருந்து கத்தாமல், பக்கத்தில் போய், ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்வது. செய்தே ஆக வேண்டியதைக் கேள்வியாகக் கேட்கக் கூடாது. "படுக்கப் போலாமா?" என்றால் "வேணாம்" என்பதும் நியாயமான பதில்தானே.

கடைசியாகத்தான் விளைவுகள். சிறியதாக, உடனே, சொன்னபடி. "ஒரு மாசத்துக்கு போன் கிடையாது" என்று சொன்னால் மூன்றாம் நாள் இழப்பதற்கு அவனிடம் எதுவும் இருக்காது, உங்களுக்கும் காவல் காக்க முடியாது. இன்று மாலை போன் இல்லை, நாளை புதுக் கணக்கு. அது போதும். சின்னக் குழந்தையாக இருந்தால் சில நிமிடம் தனியே உட்கார வைப்பது வேலை செய்யும், ஒரு வயதுக்கு ஒரு நிமிடம் என்பது பொதுவான அளவு.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். விட்டுக்கொடுப்பதை நிறுத்தியதும் முதல் சில நாள் கத்தல் கூடும். வழக்கமாகத் திறக்கும் கதவு திறக்காவிட்டால் யாரும் இன்னும் பலமாகத்தான் தட்டுவார்கள். பல வீடுகளில் "இது எங்களுக்கு ஒத்துவரவில்லை" என்று விட்டுவிடுவது சரியாக இந்த வாரத்தில்தான்.

அவனுக்குப் பதினைந்து வயசு. இனி இதெல்லாம் எடுபடுமா? "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?"

பதினைந்து ஐம்பது ஆகாது. ஆனால் முறை மாறும். 9 முதல் 14 வயதுக்குள் பிள்ளைகளுக்கே தனியாகப் பயிற்சி தருவது உண்டு. ஒருவன் தோளில் இடித்தால் "வேணும்னுதான் இடிச்சான்" என்று முடிவு செய்வதற்கு முன் வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று யோசிக்க, கோபம் உடம்பில் ஏறுவதைக் கவனிக்க, வேறு வழி தேட. நடித்து நடித்துப் பழக்குவார்கள்.

11 முதல் 17 வயதுக்குக் குடும்பத்தையும் பள்ளியையும் நட்பையும் சேர்த்துப் பிடிக்கும் சிகிச்சைகள் உள்ளன. அவற்றில் அதிகம் ஆராயப்பட்டது பல்முனைச் சிகிச்சை எனும் எம்.எஸ்.டி. ஆலோசகர் வீட்டுக்கே வருவார், மூன்று முதல் ஐந்து மாதம், வாரத்தில் பல முறை. எல்லா ஊரிலும் இது கிடைக்காது. கிடைக்காவிட்டாலும் அதன் சாரத்தைப் பின்பற்றலாம்: எங்கே, யாரோடு, எத்தனை மணிவரை என்ற மூன்றும் தினமும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நண்பர்களின் பெற்றோரின் எண் உங்கள் போனில் இருக்க வேண்டும். உளவு பார்ப்பதாகக் கோபிப்பான், கோபிக்கட்டும்.

கண்டிப்பான முகாம், ராணுவப் பாணிப் பயிற்சி, சிறையைக் காட்டி பயமுறுத்துவது... பலன் உண்டா?

இல்லை. சில கெடுதலும் செய்கின்றன. அமெரிக்காவின் நியூஜெர்சியில் 1970களில் ஆயுள் கைதிகளை விட்டுச் சிறுவர்களை மிரட்டும் திட்டம் ஒன்று பிரபலமானது. பின்னால் அதைப் போன்ற திட்டங்களைச் சோதித்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, போகாத பிள்ளைகளைவிடப் போய்வந்த பிள்ளைகள்தான் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள்.

இதைவிட வருத்தமான கதை மாசசூசெட்ஸில் 1939இல் தொடங்கிய திட்டம். ஆபத்தில் இருக்கும் சிறுவர்களுக்கு ஆலோசகர், தனிப் பாடம், மருத்துவ உதவி, கோடை முகாம் என்று எல்லாம் நல்லெண்ணத்தோடு கொடுத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அந்தச் சிறுவர்களைத் தேடிப் பார்த்து, 1978இல் எழுதினார்: உதவி பெற்றவர்களின் நிலைமை பெறாதவர்களைவிட மோசம். ஒன்றுக்கு மேற்பட்ட முறை கோடை முகாமுக்குப் போனவர்களிடம்தான் இந்தப் பாதிப்பு அதிகம் என்று பின்னர் தெரிந்தது. சேட்டைக்காரப் பையன்களை ஒரே இடத்தில் போட்டால், யார் அதிகம் மீறினார் என்று சொல்லிச் சிரிப்பதே அங்கே பாராட்டாகிவிடுகிறது. "இப்படிப்பட்டவங்களுக்குன்னே ஒரு ஹாஸ்டல் இருக்கு" என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை இருக்கிறதா?

நடத்தைக் கோளாறைக் குணமாக்கும் மாத்திரை கிடையாது. அதோடு கூடவே இருக்கும் வேறு கோளாறுக்கு உண்டு. ஏ.டி.எச்.டி.க்கு மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து கொடுத்தால் அடிதடியும் சேர்ந்து குறைவதுண்டு. மற்ற வழிகள் பலிக்காமல், கோபம் வெடித்துக் கட்டுக்கடங்காமல் போகும் பிள்ளைகளுக்கு ரிஸ்பெரிடோன் மருந்தைக் குறுகிய காலத்துக்குத் தருவார்கள். எடை ஏறும், தூக்கம் வரும், ரத்தச் சர்க்கரையும் ப்ரோலாக்டின் ஹார்மோனும் கூடலாம். தொடங்குவதற்கு முன்பே எடையும் ரத்தமும் பார்க்க வேண்டும், சில வாரங்களில் பலன் தெரியாவிட்டால் நிறுத்துவதைப் பற்றிக் கேட்க வேண்டும். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பெண் பிள்ளைகளுக்கும் வருமா?

வரும். ஆண் பிள்ளைகளில் அதிகம் என்பதால் பெண்களிடம் கவனிக்காமல் போகிறது. கைகலப்பைவிட ஒருத்தியைக் குழுவிலிருந்து ஒதுக்குவது, வதந்தி பரப்புவது, பொய், வீட்டை விட்டுப் போவது என்று வெளிப்படலாம். மனச்சோர்வும் தன்னைத் தானே காயப்படுத்துவதும் சேர்ந்து வரும் வாய்ப்பு இவர்களுக்கு அதிகம். வீட்டை விட்டு ஓடும் பெண்ணிடம் "எங்கே போனாய்?" என்று கேட்பதற்கு முன், எதிலிருந்து ஓடினாள் என்று கேளுங்கள்.

எப்போது ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது?

சாவேன் என்று சொன்னால், ஆயுதம் எடுத்தால், தீ வைத்தால், விலங்குகளைத் தொடர்ந்து வதைத்தால், தம்பி தங்கைகள் அவனோடு தனியாக இருக்கப் பயந்தால். இந்தக் கடைசியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அடி வாங்கும் சின்னப் பிள்ளை புகார் சொல்வதில்லை, குளியலறையில் அதிக நேரம் இருக்கும், அம்மாவின் பின்னாலேயே சுற்றும். அந்தப் பிள்ளையின் பாதுகாப்பு முதலில். கத்தியும் மருந்துப் பாட்டிலும் பூட்டுக்குள் போகட்டும்.

முதல் முறை டாக்டரிடம் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்?

இரண்டு வாரக் குறிப்பு. ஒவ்வொரு சம்பவத்துக்கும் மூன்று வரி: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள். மூன்றாவது வரியை எழுதத்தான் கை வராது. பள்ளி அறிக்கைகள், பிரசவம் பற்றிய விவரம், எப்போது பேசத் தொடங்கினான், குடும்பத்தில் யாருக்காவது மனநலச் சிக்கலோ குடியோ இருந்ததா என்பதும் வேண்டும். முடிந்தால் அப்பா அம்மா இருவருமாகப் போங்கள். அவனை வெளியே உட்கார வைத்துவிட்டுக் குற்றப் பத்திரிகை வாசித்தால் கதவுக்கு அந்தப் பக்கம் அவனுக்கு எல்லாம் கேட்கும். அதனால் அந்தக் குறிப்பில் அவன் நன்றாக இருந்த இரண்டு தருணங்களும் இருக்கட்டும், அவற்றை முதலில் படியுங்கள்.